மூளிச் சட்டியின் இரட்டை வேடம்

இனிமேல் யாருக்கும் பயப்படுவதில்லை என்று ராமதாஸ் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். சட்டி உடைந்தது மறுநாள் சாயங்காலம். நடுவில் இருந்த அந்த ஒரு நாள்தான் மனிதர் தைரியமாக வாழ்ந்த காலம்.

யாருக்கும் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டாலும், பயப்பட அவருக்கு உலகத்தில் ஒரே ஆள்தான். மனைவி அஞ்சலாட்சி. கடலோரம் வைத்திக்குப்பத்தில் மீனவர் வீட்டில் பிறந்து, புதுச்சேரியிலேயே உப்பளம் பகுதிக்கு வாழ வந்தவள். சத்தம் போட மாட்டாள், பாத்திரத்தை உருட்ட மாட்டாள், கண்ணைக் கசக்க மாட்டாள். சொன்னதைச் செய்வாள், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில், இந்தத் தோசை எங்கம்மா சுடுகிற மாதிரி இல்லையே என்று ராமதாஸ் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அப்படியானால் இனிமேல் சுடவில்லை என்றாள் அவள். சுடவில்லை. அவர்கள் மகள் சுவேதா, தோசை என்பது ஓட்டலில் மட்டும் விளையும் பொருள் என்று நம்பி வளர்ந்து, படித்து, கல்யாணம் கட்டிக்கொண்டு கடலூருக்கே போய்விட்டாள்.

சாதாரண நாளில் அஞ்சலாட்சி புருஷனை 'யோவ்' என்பாள், 'நீ' என்பாள். அதெல்லாம் நல்ல நாள். திடீரென்று மரியாதை முளைத்து 'வாங்க, போங்க' என்று ஆரம்பித்தால், ஏதோ வரப்போகிறது என்று ராமதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடுவார்.

இப்படிப்பட்டவள் ஒரு சட்டியை வைத்திருந்தாள். கல்யாணத்தன்று அவள் அம்மா கையில் கொடுத்து அனுப்பிய மீன் குழம்புச் சட்டி. கஞ்சித் தண்ணீர் ஊற்றி, நல்லெண்ணெய் தடவி, சோப்பு என்பதைக் கண்ணில் காட்டாமல், பிள்ளை வளர்ப்பது மாதிரி பழக்கி வைத்த மண்சட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிறந்த வீட்டுப் பக்கம் போய், படகிலிருந்து இறங்கும் மீனை அப்படியே வாங்கி வந்து, மாங்காய் போட்டு அதில் குழம்பு வைப்பாள். ராமதாஸ் வாரத்தில் மற்ற நாளெல்லாம் உயிர் வாழ்வதே அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். திங்கட்கிழமை காலையில் சட்டியின் அடியில் சுண்டிக் கிடப்பதை வழித்துப் பழைய சோற்றோடு சாப்பிடும்போது அவர் முகத்தில் ஒரு ஞானக் களை தெரியும். அஞ்சலாட்சி ஒருமுறை தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "எங்கம்மா சட்டி என்னிக்கிப் போவுதோ, அன்னியோட இந்த வூட்ல மீன் குழம்பு கெடையாது."

தோசை போன வழி ராமதாஸுக்குத் தெரியும். ஆகவே அந்தச் சட்டி இருக்கும் பக்கம் அவர் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவார்.

இதில் தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், பயிற்சி வகுப்பிலிருந்து வந்தது. ராமதாஸ் வேலை பார்ப்பது மிக்ஸி, கிரைண்டர் விற்கிற கடையில். சீனியர் சேல்ஸ்மேன். வியாபாரம் கொஞ்சம் படுத்துவிட்டதால் முதலாளி அவரைத் திங்கட்கிழமை கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் நடந்த வகுப்புக்கு அனுப்பினார். பழைய இலக்கியம், சினிமா, டிவி சீரியல் இவற்றிலிருந்து மார்க்கெட்டிங் பாடங்கள். புதுச்சேரி வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு பையன் வந்து பேசினான். பேச்சா அது? ராமதாஸ் டீ பிஸ்கட்டைக்கூட மறந்துவிட்டார்.

வில்லன் இல்லாவிட்டால் கதாநாயகனுக்கு வேலையே கிடையாது, ஆகவே எதை விற்றாலும் முதலில் அதன் வில்லனைக் காட்டு என்றான் அவன். பழைய அகப்பாட்டில் தலைவி தன் ஆசையைத் தானே போய்ச் சொல்வதில்லை, தோழிதான் பேசுகிறாள். உன் சரக்கைப் பற்றி நீ பேசாதே, பக்கத்து வீட்டுக்காரியைப் பேச விடு என்றான். பிரிந்து போன தலைவனுக்குத்தான் ஏக்கம், வீட்டோடு கிடக்கிறவனுக்கு ஏது பாட்டு, சரக்கு குறைந்தால்தான் மதிப்பு என்றான். சீரியலில் கதவு தட்டுகிற சத்தத்தோடு வெள்ளிக்கிழமை முடித்துவிடுகிறார்கள் பார், அந்த மாதிரி பாதியில் நிறுத்து என்றான். கடைசியில் இரட்டை வேடத்துக்கு வந்தான். அதே ஆள், கன்னத்தில் ஒரு மரு, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. சனங்கள் பார்ப்பது மருவை, ஆளை இல்லை என்று முடித்தபோது ராமதாஸ் எழுந்து நின்று கைதட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சமையல்கட்டில் நின்று அத்தனையையும் அஞ்சலாட்சிக்கு நடித்துக் காட்டினார். வில்லனுக்கு ஒரு கை வீச்சு, கதாநாயகனுக்கு இரண்டு கை வீச்சு. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். இரட்டை வேடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, இவ்வளவு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததை மறுபடி கேட்டாள். அட்டைப் பெட்டியும் ஓடாத சைக்கிளும் அடைந்து கிடக்கிற முன் ரூமைக் காலி செய்து கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டு ஜீனத்துன்னிசாவும் தானுமாக மீன் குழம்பு பார்சல் போடுவோம் என்றாள்.

"சீனியர் சேல்ஸ்மேன் பொண்டாட்டி குழம்பு விக்கிறதா? நாலு பேரு என்னை இன்னா கேப்பான்?" என்றார் ராமதாஸ்.

"சரிங்க" என்றாள் அஞ்சலாட்சி.

அந்த 'ங்க' அவர் காதில் விழவே இல்லை. தைரியம் வந்தால் காது கொஞ்சம் மந்தமாகிவிடும் போலிருக்கிறது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற சொந்தக்காரியைப் பார்க்க அஞ்சலாட்சி போயிருந்தாள். கடையிலிருந்து சீக்கிரம் வந்த ராமதாஸ் தண்ணீர் குடிக்க சமையல்கட்டுக்குள் நுழைந்தார். நுழைந்தவர் குடித்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். மறுநாள் கஸ்டமரிடம் பேசப்போகிற வசனத்தை ஒத்திகை பார்த்தார். அம்மிக்கல்தான் வில்லன் என்று சொல்லி வலது கையை வீசினார். அடுப்பு மேடை ஓரத்தில் மூடி போட்டு வைத்திருந்த சட்டி, அந்த வீச்சில் மூடியோடு இறங்கியது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஆனால் இனி ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது, சனிக்கு அப்புறம் நேராகத் திங்கள்தான் என்று தோன்றியபோது ராமதாஸ் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. குனிந்து ஓடுகளைப் பொறுக்கினார். வாய் விளிம்பில் கட்டை விரல் நகம் அளவுக்கு விண்டுபோன ஒரு பழைய மூளி இருந்தது. ஐயோ, இந்த மூளியை எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன் என்று அதைத் தடவித் தடவி அழுதார்.

"இன்னாண்ணே சத்தம்?" பின்பக்க மதில் மேல் ஜீனத்துன்னிசாவின் தலை தெரிந்தது.

அவள் பாவாவின் மனைவி. பாவா மெத்தைக் கடை வைத்திருப்பவர். மதில் வழியாக ஒரு நாளில் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போய் வராத பொருளே இல்லை. மறைத்துப் பயனில்லை என்று ராமதாஸ் கையிலிருந்த ஓட்டைத் தூக்கிக் காட்டினார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கும்பிட்டார். ஜீனத்துன்னிசா ஓட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துக்கம் தாங்காமல் பொத்திக்கொள்கிறாள் என்று அவர் நினைத்தார்.

"வாயத் தொறக்க மாட்டேண்ணே" என்று சத்தியம் செய்தாள்.

அந்த நேரத்தில்தான் கோட்டு போட்ட பையன் ராமதாஸ் மண்டைக்குள் வந்து நின்றான். இரட்டை வேடம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். சாலையோரத்தில் மண்பானை விற்பவரிடம் அதே அளவில் இரண்டு சட்டி வாங்கினார். பாவா வீட்டுப் பின்கட்டில் கொட்டாங்கச்சியைக் கொளுத்திப் புகை காட்டினார், எண்ணெய் தடவினார். சட்டி அப்போதும் புது மாப்பிள்ளை மாதிரி சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது. மணி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கடைசியில் தன் கறுப்பு ஷூ பாலிஷை எடுத்து வந்து வெளியே ஒரு பூச்சு, உள்ளே ஒரு பூச்சு பூசினார். குறட்டால் விளிம்பைக் கிள்ளி மூளி வைத்தார். முதல் சட்டி இரண்டாகப் போயிற்று. இரண்டாவதில் மூளி அச்சாக விழுந்தது.

"அச்சு அசலா அதேதாண்ணே. அக்காவுக்கே தெரியாது" என்றாள், செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஜீனத்துன்னிசா. தோழியே சொல்லிவிட்டாள். ராமதாஸ் சட்டியை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு வந்து உட்காரவும், வெளி கேட்டின் தாழ்ப்பாள் திறக்கவும் சரியாக இருந்தது.

அஞ்சலாட்சி நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். ராமதாஸ் எட்டிப் பார்த்தார். அவள் சட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மறுபடி சட்டியைப் பார்த்தாள்.

"இந்தச் சட்டிய பாத்தீங்களா..." என்றாள்.

"இன்னா சட்டிக்கு?" குரல் கீச்சென்று வந்தது.

"ஒண்ணுமில்லீங்க. அப்புறமா சொல்றேன்."

அப்புறம் என்பது புதன்கிழமை காலை வரைக்கும் வரவில்லை. ராமதாஸுக்குத் தூக்கமும் வரவில்லை. காபி கொடுக்கும்போது, செத்துப்போன அம்மா கனவில் வந்ததாகச் சொன்னாள். அம்மா இன்னா சொன்னாங்க என்று கேட்டார். பால் பொங்குகிறது, இருங்க என்று உள்ளே போனவள், அந்தக் கனவைப் பற்றி மறுபடி வாயைத் திறக்கவில்லை. அன்று கடையில் ஒருவர் கறுப்பு நிறத்தில் நான்ஸ்டிக் சட்டி கேட்டார். ராமதாஸ் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

வியாழக்கிழமை, சட்டிப் பக்கம் போனால் ஸ்கூல் பிள்ளையின் ஷூ வாசனை வருகிறது, நம் வீட்டில் ஸ்கூல் பிள்ளை யாருமில்லையே என்று யோசனையாகச் சொன்னாள். இனிமேலும் சும்மா இருக்கக்கூடாது என்று ராமதாஸ் வில்லன் பாடத்தைக் கையில் எடுத்தார். மண்சட்டியில் ஆயிரம் கிருமி இருக்கிறதாம், டிவியில் ஒரு டாக்டர் சொன்னார், பழைய சட்டி என்றால் அவ்வளவும் விஷமாம், தூக்கிப் போட்டுவிட்டுப் பளபளவென்று ஸ்டீலில் ஒன்று வாங்கிவிடலாம் என்று மூச்சு விடாமல் பேசினார்.

"அப்ப சட்டிதான் வில்லன்னு சொல்றீங்க?"

"ஆமா."

"அப்ப ஹீரோ யாருங்க?"

ராமதாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை அடுத்த இடி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குத் தன் அண்ணன் அருள்முருகன் வருகிறான் என்றாள். அம்மா கை பட்ட சட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாம். அருள்முருகன் கடலுக்குப் போகிறவன். வலை இழுத்து இழுத்துத் தேறிய கை. ராமதாஸைத் தோளில் தட்டி நலம் விசாரித்தாலே மூன்று நாள் வலிக்கும். அவன் நலம் விசாரிக்காமல் தட்டினால் எப்படியிருக்கும் என்று நினைத்தவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சலாட்சி புளியை ஊறப்போட்டாள். மாங்காய் வாங்கி வந்தாள். அந்தக் கறுப்புச் சட்டியை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காலையில ஏத்திட வேண்டியதுதாங்க" என்றாள்.

ராமதாஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவரை அவர் கவலை எல்லாம் மாட்டிக்கொள்வோமா, மாட்டோமா என்பதுதான். இப்போதுதான் வேறொன்று உறைத்தது. அந்தச் சட்டிக்குள்ளே இருப்பது ஷூ பாலிஷ். அதில் கொதிக்கிற குழம்பை அண்ணன் சாப்பிடுவான். ஜீனத்துன்னிசா வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். முதலில் உப்பு பார்க்கிறேன் என்று உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பது அஞ்சலாட்சி. அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கோரிமேட்டுக்கு ஓடுவது மாதிரி ஒரு காட்சி கண் முன்னால் வந்தது. கல்யாணமான நாளாக அவளைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுவது இதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

"அதுல ஆக்காத அஞ்சல."

"ஏங்க?"

"அது உங்கம்மா சட்டி இல்ல. உங்கம்மா சட்டிய நான் ஒடச்சிட்டேன். வில்லன்னு கைய வீசினேன், விழுந்துடுச்சி. இது வேற. கறுப்பு பாலிஷ் போட்டு வெச்சிருக்கேன். உள்ளயும் பூசியிருக்கேன்." எட்டி அந்தச் சட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நீ மீன் குழம்பே வெக்க வாணாம். அத வாயில மட்டும் வெக்காத."

அஞ்சலாட்சி புளிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"மீன் குழம்பே வாணாமா?"

"உன் இஷ்டம்."

"முன் ரூமு?"

"எடுத்துக்கோ. பெட்டியெல்லாம் நானே தூக்கிப் போட்டுடறேன்."

"பார்சல யாரு கொண்டு போயிக் குடுக்கறது?"

"நான்தான். ஸ்கூட்டர் சும்மாதான நிக்கிது."

"ஜீனத்து, கேட்டுக்கிட்டியா?" என்று பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

பின்கதவு திறந்தது. ஜீனத்துன்னிசா இரண்டு கையாலும் பத்திரமாக ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கன்னங்கரேலென்று, எண்ணெய் மினுமினுப்போடு, வட்டமான வாயில் ஒரு கீறல்கூட இல்லாத சட்டி. காலியாக இருந்தாலும் அதில் ஊறிப்போயிருந்த வாசனையை ராமதாஸின் மூக்குக்குத் தெரியாதா? மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கி வந்து அடுப்படியில கைய வீசி ஆடுன பாரு, அப்பவே எடுத்து இவ வூட்ல பத்திரம் பண்ணிட்டேன்" என்றாள் அஞ்சலாட்சி. "நீ ஒடச்சது அந்த எடத்துல நான் வெச்ச இவ வூட்டு ஓட்டச் சட்டி. இரட்டை வேஷம் உனக்கு மட்டுந்தான் வருமா?"

"அந்த மூளி..."

"எங்கம்மா சட்டியில ஏதுய்யா மூளி? வருஷக்கணக்கா அதுல தின்னுற. அதோட மூஞ்சியே உனக்குத் தெரியல."

ராமதாஸ் ஜீனத்துன்னிசாவைப் பார்த்தார். சத்தியம் செய்தாயே என்று கேட்க வாயெடுத்தார்.

"நான் வாயத் தொறக்கலண்ணே" என்றாள் அவள். "நீங்க பாலிஷ் போடும்போது வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவ்ளோதான்."

அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அஞ்சலாட்சி 'யோவ்' என்று சொல்லிவிட்டாள், 'நீ' என்று சொல்லிவிட்டாள். சட்டி பிழைத்தது, ஞாயிற்றுக்கிழமை பிழைத்தது. அன்று ராமதாஸ் குறட்டை விட்டுத் தூங்கினார்.

விடிந்ததும் அருள்முருகன் கூடை நிறைய மீனோடு வந்து இறங்கினான். மாப்பிள்ளையின் வீடியோவை அவனும் பார்த்திருந்தான். சிரித்துக்கொண்டே தோளில் தட்டினான். முன் ரூமில் பெட்டிகள் போன இடத்தில் மேசை வந்திருந்தது. மேசை மேல் மூளிச் சட்டி, பார்சலுக்குப் போடுகிற ரப்பர் பேண்டுகளைச் சுமந்துகொண்டு நின்றது. ஜீனத்துன்னிசா ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பில் வரிசையாக ஆர்டர் வந்து விழுந்தது. சரக்கு கம்மி, முந்துகிறவர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தாளாம். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று ராமதாஸ் கேட்கவில்லை.

வண்டியை எடுத்தவர் எடுத்தவர்தான். ஸ்டேடியம் பக்கம் ஒரு அடுக்குமாடி, பாவாவின் மச்சான் வீடு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா தாத்தாவின் மூன்றாவது மாடி என்று உச்சி வெயிலில் ஏறி இறங்கினார். ஒவ்வொரு பார்சலும் பையிலிருந்து வாசனையை விட்டது. அந்த சொல்தா தாத்தா வாசலிலேயே பிரித்து, விரலால் தொட்டு நக்கி, கண்ணை மூடிக்கொண்டார். ராமதாஸ் எச்சிலை விழுங்கிக்கொண்டு படி இறங்கினார். இருக்கட்டும், வீட்டில் நமக்கென்று சட்டி இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

கடைசிப் பார்சலைக் கொடுத்துவிட்டு வந்து, கைகால் கழுவி, இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அஞ்சலாட்சி சோறு போட்டாள். பிறகு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை நகர்த்தினாள். அதில் ரசம் இருந்தது.

ராமதாஸ் எழுந்து போய் அடுப்படியில் அந்தச் சட்டியைப் பார்த்தார். அடியில் சுண்டினதுகூட இல்லாமல் வழித்துத் துடைத்துக் காலியாக இருந்தது.

"எனக்கு?" என்றார்.

"சரக்கு கொறஞ்சாத்தான மதிப்பு, நீதான சொன்ன" என்றாள் அஞ்சலாட்சி, செல்போனைப் பார்த்துக்கொண்டே. "வேணும்னா அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு இப்பவே ஒரு ஆர்டர் போட்டு வெய்யி."